சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு

சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்பது சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலுடன், நீர் சேர்க்காமல், தணலிலோ சூடான கூழாங்கற்களுக்கு இடையிலோ மூடிய அடுப்பிலோ நெடுநேரம் சுட்டு உண்ணும் உணவு ஆகும். ஜப்பான், கொரியா, சீனா, தாய்வான், வியட்நாம், இந்தோனேசியா, வட இந்தியா ஆகிய இடங்களில் இது தெருவோரங்களில் விற்கப்படுகிறது. இவற்றுள் குளிர் மிகுந்த பகுதிகளில் இது குளிர்காலத்திற்கே உரிய தின்பண்டமாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் இதே கிழங்கு பெரும்பாலும் அவித்தே உண்ணப்படுகிறது. சுட்ட கிழங்கு அவித்த கிழங்கைவிட இனிப்பாக இருப்பதற்கும், அது குளிர்காலப் பண்டமாக நிலைபெற்றதற்கும், கிழங்கினுள் நடைபெறும் வேதிமாற்றங்கள் முக்கியக் காரணமாகும்.

பெயரும் தாவரமும்

இக்கிழங்கு தென் மாவட்டங்களில் சீனிக்கிழங்கு என்றும், யாழ்ப்பாணத்தில் வத்தாளங்கிழங்கு என்றும், கேரளத்தில் மதுரக்கிழங்கு என்றும் அழைக்கப்படுகிறது. பெயரில் வள்ளி என்னும் சொல் இருப்பதால் இது சங்க காலத்துக் கிழங்கு எனச் சிலர் எண்ணுவதுண்டு. புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர், பறம்பு மலையில் உழவர் உழாமலே விளையும் பொருள்கள் நான்கினுள் ஒன்றாக வள்ளிக்கிழங்கைக் குறிப்பிடுகிறார். ஆயின் அது காட்டில் படரும் வேறொரு கொடியின் கிழங்கு. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவில் பரவியது. பழைய வள்ளியைப் போல் மண்ணுக்குள் விளைந்து, அதனினும் இனித்ததால், புதிய கிழங்கு பழைய பெயரை முன்னொட்டுடன் பெற்றுக்கொண்டது எனலாம். யாழ்ப்பாணத்துக் கூழ்களில் இடம்பெறும் ஊதா நிற இராசவள்ளியும் இதுவன்று. அது பழைய வள்ளியின் இனத்தைச் சார்ந்தது.

தாவரவியல் முறையில் இதற்கு உருளைக்கிழங்குடன் நெருங்கிய உறவு இல்லை. உருளைக்கிழங்கு கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சர்க்கரைவள்ளியோ கடற்கரை மணலில் படரும் அடம்பங்கொடி, குளக்கரையில் வளரும் வள்ளைக்கீரை ஆகியவற்றின் பேரினத்தையே சேர்ந்தது. இதன் பூவைப் பார்த்தவர்களுக்கு அடம்பம் பூவுடனான ஒப்புமை உடனே விளங்கும்.

சுடும்போது நிகழ்வது

பச்சைக் கிழங்கில் நீர் நீங்கலாகப் பெரும்பகுதி மாச்சத்து. அதனுடன் சிறிதளவு சர்க்கரையும், பீட்டா அமைலேசு என்னும் நொதியமும் உள்ளன. இந்நொதியம் மாச்சத்தை மால்ட்டோசு என்னும் சர்க்கரையாக மாற்ற வல்லது. எனினும் பச்சை மாச்சத்து மணிகளை அதனால் எளிதில் தாக்க இயலாது. ஏறத்தாழ 65 முதல் 75 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் மாச்சத்து நீரை உறிஞ்சிப் பசையாகிறது; அப்போதுதான் நொதியத்திற்கு வேலை கிடைக்கிறது. வெப்பம் 80 பாகையைக் கடந்து ஏறினால் நொதியம் செயலிழந்துவிடும். ஆகவே கிழங்கின் உட்பகுதி அந்த இடைப்பட்ட வெப்பநிலையில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அவ்வளவுக்கு இனிப்பு கூடும்.

கூழாங்கல் அடுப்பிலும் தணல் அடங்கிய சாம்பலிலும் நடப்பது இதுவே. வெப்பம் மெல்ல உள்ளே செல்வதால் நொதியத்திற்கு நெடுநேரம் கிடைக்கிறது. கொதிநீரில் இட்ட கிழங்கு அந்நிலையை விரைவில் கடந்துவிடுகிறது. சர்க்கரையில் ஒரு பகுதி நீரிலும் கரைகிறது. நுண்ணலை அடுப்பில் சில மணித்துளிகளில் வெந்த கிழங்கு மாவாக இருந்தும் சப்பென்று இருப்பதன் காரணமும் இதுதான். சுடும்போது நீர் ஆவியாகி இனிப்பு செறிவடைகிறது. தோலை ஒட்டிக் கசியும் பாகு கருகி, அவித்த கிழங்கில் இல்லாத மணத்தைத் தருகிறது.

வீட்டில் சுட விரும்புவோர் நடுத்தரப் பருமனுள்ள கிழங்கைக் கழுவித் துடைத்து, வெட்டாமல், குறைந்த தணலில் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் வைக்கவேண்டும். எரியும் தழலில் இட்டால் வெளியே கரியாகி உள்ளே வேகாமல் நிற்கும்.

குளிர்காலமும் சேமிப்பும்

குளிர் நாடுகளில் உறைபனி விழுமுன், இலையுதிர் காலத்திலேயே கிழங்கைத் தோண்டியாக வேண்டும். தோண்டிய கிழங்கை ஏறத்தாழ 30 பாகை வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் உள்ள அறையில் சில நாட்கள் வைப்பர். வெட்டுக்காயங்களின் மேல் புதுத் தோல் படிந்து அழுகல் தடுக்கப்படும். பின்னர் 13 முதல் 15 பாகையில் சேமிப்பர். சேமிப்பில் இருக்கும்போதே மாச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாகிறது. எனவே நடுக்குளிர்காலத்தில் தெருவுக்கு வரும் கிழங்கு, தோண்டிய நாளில் இருந்ததைவிட இனியது. கையைச் சுடும் கிழங்கு குளிருக்கு இதம் என்பது உண்மைதான். ஆனால் பருவம் அமைந்தது அதனால் மட்டுமன்று. இக்கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாகாது. 10 பாகைக்குக் கீழ் உட்சதை பழுதடைந்து, வேகாமல் கட்டியாக நின்றுவிடும்.

ஆசிய நாடுகளில்

இக்கிழங்கு ஆசியாவில் வேரூன்றியது பெரும்பாலும் பஞ்சத்தின் பின்னணியில்தான். சீனாவின் பூச்சியன் மாகாணத்தைச் சேர்ந்த சென் சென்லொங் என்னும் வணிகர் 1593இல் இதன் கொடியைப் பிலிப்பைன்சின் லூசோன் தீவிலிருந்து கொண்டுவந்ததாகக் கூறப்படுகிறது. அங்கிருந்து 1605இல் ரியூக்கியூ தீவுகளுக்கும், பின்னர் தென் ஜப்பானின் சத்சுமா பகுதிக்கும் சென்றது. 1732இல் மேற்கு ஜப்பானைத் தாக்கிய பஞ்சத்தின்போது இது விளைந்த பகுதிகள் ஓரளவு தப்பின. அதைக் கண்ட அரசு, அவோக்கி கொன்யோ என்னும் அறிஞரைக் கொண்டு 1735இல் எடோவிலும் (இன்றைய தோக்கியோ) அதன் அருகிலும் சோதனைப் பயிர் செய்வித்தது. 1763இல் ஜப்பானுக்குத் தூது சென்ற கொரிய அதிகாரி சோ ஓம், வழியில் சுசிமா தீவிலிருந்து இக்கிழங்கைத் தம் நாட்டிற்கு அனுப்பினார்.

எடோ நகரில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுட்ட கிழங்குக் கடைகள் தோன்றின. தெருவாயில்களைக் காத்த காவலர்கள் கூட இதைப் பக்கத் தொழிலாக விற்றனர். அக்காலக் கடைப் பலகைகளில் "பதின்மூன்று ரி" என்ற விளம்பரம் இருந்தது. ரி என்பது ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் கொண்ட நீட்டல் அளவை. ஜப்பானிய மொழியில் "குரி" என்பது கசுக்கொட்டையையும் ஒன்பது ரியையும் குறிக்கும். "யோரி" என்பது "விட" என்ற பொருளையும் நான்கு ரியையும் தரும். ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. ஆகப் பலகையின் பொருள் "கசுக்கொட்டையை விடச் சுவையானது". கிழங்குக்குப் பெயர்பெற்ற கவகோயே ஊரும் எடோவிலிருந்து ஏறத்தாழ பதின்மூன்று ரி தொலைவில் இருந்தது சிலேடைக்கு மேலும் வலுவூட்டியது. கூழாங்கற்களில் சுடும் தள்ளுவண்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருகின. பின்னர் வண்டிகள் குறைந்தாலும், பல்பொருள் அங்காடிகளின் மின்னடுப்புகள் வழியாக இவ்வுணவு மீண்டும் பரவியுள்ளது.

சீனாவிலும் கொரியாவிலும் இரும்புப் பீப்பாயை அடுப்பாக்கிச் சுடுவது வழக்கம். மேற்கு சாவகத்தின் சிலெம்பு ஊர்க் கிழங்கை அறுவடைக்குப் பின் சில வாரங்கள் வைத்திருந்து சுடுவர். தேன்போன்ற பாகு தோல் வழியே வடியும். தில்லியில் சக்கர்கந்தி என்ற பெயரில் விற்கப்படுகிறது. அங்கே தணலில் சுட்டதைத் தோலுரித்துத் துண்டாக்கி, எலுமிச்சைச் சாறும் மசாலாத் தூளும் சேர்த்துத் தொன்னையில் தருவர். இனிப்புக்குப் பழகிய நமக்கு இப்புளிப்புச் சுவை முதலில் வியப்பளிக்கும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் ஆனி-ஆடியிலும் புரட்டாசி-ஐப்பசியிலும் கொடித்துண்டுகளை நட்டுப் பயிரிடுவர். பயிர் ஏறத்தாழ நான்கு மாதங்களில் விளைவதால், புரட்டாசி நடவு பொங்கலை ஒட்டி அறுவடைக்கு வரும். மார்கழித் திருவாதிரையன்று களியுடன் வைக்கும் கூட்டில் பிற காய் கிழங்குகளுடன் இதுவும் சேரும். பொங்கல் சந்தையில் கரும்பு, மஞ்சள் கொத்து ஆகியவற்றுடன் விற்கப்படும்.

எனினும் சுட்டு விற்கும் தெருக்கடைப் பழக்கம் இங்கு வேரூன்றவில்லை. சுடுவது வீட்டடுப்பின் சாம்பலோடு நின்றுவிட்டது; எரிவளி அடுப்பு வந்தபின் அதுவும் அருகியது. விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், திண்டிவனம் பகுதிகளில், குறிப்பாகக் குயிலாப்பாளையம் போன்ற கடற்கரையை அடுத்த செம்மண் ஊர்களில், பனை மிகுதி. மார்கழி, தை மாதங்களில் அங்கே சர்க்கரைவள்ளியின் இடத்தைப் பனங்கிழங்கு பகிர்ந்துகொள்கிறது. அதுவும் அவித்தும் சுட்டும் உண்ணப்படுவதே. நம் கிழங்கு வயலிலிருந்து நேராகச் சந்தைக்கு வருவது. சேமிப்பில் இனிப்பேறும் வாய்ப்பு அதற்குக் குறைவு. வாங்கிய கிழங்கை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஓரிரு வாரம் வைத்திருந்து சுட்டால் வேறுபாட்டை உணரலாம்.

ஊட்டமும் எச்சரிக்கையும்

செம்மஞ்சள் சதையுள்ள வகைகளில் உயிர்ச்சத்து ஏ-யின் முன்பொருளான பீட்டா கரோட்டின் மிகுதி. வெண்சதை வகைகளில் அது மிகக் குறைவு. ஆப்பிரிக்காவில் செம்மஞ்சள் வகைகளைப் பரப்பிய அறிவியலாளர்களுக்கு 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கப்பட்ட நடுவண் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ சோனா இவ்வகையைச் சார்ந்தது.

சர்க்கரைவள்ளி நீரிழிவு நோயாளிகளுக்கு நல்லது என்ற கருத்து பரவலாக உள்ளது. அவித்த கிழங்கைக் காட்டிலும் சுட்ட கிழங்கு இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்துகிறது. மால்ட்டோசைப் பெருக்கும் அதே சமையல்முறைதான் இங்கே பாதகமாகிறது. ஆகவே அவர்கள் அவித்ததைச் சிறிதளவு உண்பதே ஏற்றது.

கூன்வண்டு துளைத்த கிழங்கு கசக்கும். வண்டின் தாக்குதலுக்கு எதிராகக் கிழங்கு உண்டாக்கும் கசப்புப் பொருள்களுள் சில கால்நடைகளுக்கு நஞ்சானவை. சுடுவதாலோ அவிப்பதாலோ அவை முற்றிலும் நீங்குவதில்லை. துளையும் கருமையும் உள்ள கிழங்கை மாட்டுக்கும் இடாமல் எறிந்துவிட வேண்டும்.