வாரம் ஓர் ஊசி

1957-இல் லண்டன் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மனும் கோழிமுட்டைச் சவ்வில் இன்ஃப்ளூயன்சா வைரஸை விட்டுப் பார்த்தார்கள். வைரஸைச் சந்தித்த செல்கள் ஒரு புரதத்தைச் சுரந்தன. அது அடுத்து வந்த வைரஸைத் தடுத்தது. இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள். பெயர் கிடைத்துவிட்டது, பொருள்தான் கிடைக்கவில்லை.

ஹெல்சிங்கியில் காரி கான்டெல், செஞ்சிலுவைச் சங்கம் சேகரித்த ரத்தத்தின் வெள்ளணுக்களில் சென்டாய் வைரஸைத் தொற்றவைத்து இன்டர்ஃபெரான் எடுத்தார். 1970களில் பல நாட்டு ஆய்வாளர்களுக்கு அவர்தான் படியளந்தார். 1980-இல் ஜூரிக்கில் சார்லஸ் வைஸ்மன் குழு இன்டர்ஃபெரானுக்கான மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துச் சுரக்கச் செய்தது. அந்த மார்ச்சிலேயே ‘டைம்’ அட்டையில் புற்றுநோய் மருந்தாக இன்டர்ஃபெரான்! 1986-இல் அமெரிக்க அனுமதி வந்தபோது, அது ஓர் அரிய ரத்தப்புற்றுக்கு மட்டும்தான். அவ்வளவு ஆரவாரத்துக்கு இது சொற்பம்.

1991-இல் ஹெபடைடிஸ் சி-க்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் போட்ட மருந்து சில மணி நேரத்திலேயே உடலைவிட்டு வெளியேறத் தொடங்கியது. வாரம் மூன்று ஊசி, மாதக்கணக்கில். காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு. ஊசிகளுக்கு இடையில் வைரஸ் மறுபடி தலைதூக்கும். ஐந்தில் ஒருவருக்குக்கூட முழுக்குணம் கிட்டவில்லை.

விடை எப்போதோ தயாராக இருந்தது. 1970களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் டேவிஸ், களிம்பிலும் மலமிளக்கியிலும் சேர்க்கிற பாலிஎத்திலீன் கிளைக்காலைப் புரதத்தோடு இணைக்கும் வழியைக் காட்டியிருந்தார். இந்தச் சங்கிலி நீரை இழுத்துவைத்துப் புரதத்தைப் பருமனாக்கும். சிறுநீரகம் அதைச் சட்டென்று வடிகட்ட முடியாது. இவ்வழியில் இன்டர்ஃபெரானிலிருந்து உருவான பெகாசிஸ் மருந்தில் ஒட்டிய சங்கிலி, இன்டர்ஃபெரானைப்போல் இரு மடங்கு எடை. வேடிக்கை என்னவென்றால், சோதனைக்குழாயில் அதன் வைரஸ் எதிர்ப்பு வீரியம் மூலப்புரதத்தில் 7 சதவீதம்தான். நாள்கணக்கில் ரத்தத்தில் தங்கியதாலேயே அது ஜெயித்தது. 2001-இல் இதே வகையைச் சேர்ந்த பெக்இன்ட்ரான், 2002-இல் பெகாசிஸ் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. வாரம் ஓர் ஊசி போதும். ரிபாவிரின் மாத்திரையும் சேர்ந்தபோது, 2002-இல் வெளியான பெரிய ஆய்வில் 56 சதவீதம் பேருக்கு வைரஸ் ஒழிந்தது.

எகிப்தில் நத்தைக்காய்ச்சலை ஒழிக்க அரசு நடத்திய ஊசி இயக்கத்திலேயே, சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகளால் ஹெபடைடிஸ் சி பரவியிருந்தது. அந்நாட்டின் தேசியத் திட்டமும் முதலில் இந்த வார ஊசியையே நம்பியது. 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தது. மறு ஆண்டே எகிப்து அதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

ஆனாலும் இன்டர்ஃபெரான் ஓய்வு பெறவில்லை. ஹெபடைடிஸ் பி, டி சிகிச்சையில் அதற்கு இன்னும் இடமுண்டு. சிவப்பணுக்கள் மிகும் பாலிசைத்தீமியா வெரா நோய்க்கு, இரு வாரத்துக்கு ஒருமுறை போடும் ரோபெக்இன்டர்ஃபெரானை 2021-இல் அமெரிக்கா அனுமதித்தது.