சோலைவரியும் சபைக் கணக்கும்

ஜனவரி பிறந்தால் எங்கட ஊர்களில் நகர சபை, பிரதேச சபைக் காசாளரின் யன்னலுக்கு முன்னால் கொஞ்சம் சனம் கூடும். 31ஆம் திகதிக்கு முதல் முழு வருடத்துச் சோலைவரியையும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு. காலாண்டுக்குக் காலாண்டு கட்டுகிறவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து. இந்தக் கழிவுக் கணக்கு எங்கட ஆட்களுக்கு நல்ல பாடம். ஆனால் அந்த வரியை யார் தீர்மானித்தது, எதை வைத்துத் தீர்மானித்தது, கட்டிய காசு எந்தக் கானுக்கும் எந்த ரோட்டுக்கும் போனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு. இந்த வரிக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. வரி கொடுப்பவனுக்குச் சபையில் எவ்வளவு குரல் இருந்தது என்பதுதான் அந்த வரலாற்றின் உள்ளடக்கம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சட்டத் தமிழில் இது ஆதனவரி, மதிப்பீட்டு வரி. பேச்சில் சோலைவரி. சிங்களத்தில் இதை 'வரிபனம்' என்பார்கள். அது எங்கட 'வரிப்பணம்' தான் என்று தமிழ் தெரிந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இரண்டு மொழிக்காரரும் ஒரே சொல்லால் குறிக்கிற அளவுக்கு இது இந்நாட்டின் பொதுச் சுமை.

குரல் இல்லாத வரி

1848இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபு வருமானப் பற்றாக்குறையைச் சமாளிக்கப் புதிய வரிகளைக் கொண்டு வந்தார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி. இவற்றோடு வீதிக் கட்டளைச் சட்டம் என்று ஒன்றும் வந்தது. 18 வயது முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஈடாகக் காசு கட்ட வேண்டும். ரோட்டு ஊருக்குத் தேவையானதுதான். ஆனால் அந்த ரோட்டு எங்கே போக வேண்டும் என்று ஊரில் ஒருவரையும் கேட்கவில்லை. கோப்பித் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையில் வழி தேவைப்பட்ட காலம் அது. அந்த வருடம் ஜூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. அது இராணுவத்தால் அடக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் டொரிங்டனும் திருப்பி அழைக்கப்பட்டார்.

கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் கேட்காமல் அறவிடுவது ஆட்சிக்கே ஆபத்து என்ற பாடம் அதில் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் அதற்குப் பதினேழு வருடம் பிந்தி வந்தது. கொழும்பிலும் கண்டியிலும், பின்னர் காலியிலும் மாநகர சபைகள் தோன்றின. நகரத்து வீட்டுக்கும் கடைக்கும் வரி விதித்து, அந்தக் காசில் ரோட்டு, விளக்கு, துப்புரவு, சந்தை ஆகியவற்றைப் பார்ப்பது அவற்றின் வேலை. வரி கொடுப்பவருக்குச் சபையில் சில கதிரைகள் கிடைத்தன. முழுக் குரல் அல்ல. வாக்கு சொத்துள்ள ஆண்களுக்கு மட்டும். தலைமைக் கதிரையில் அரசாங்க அதிபர் இருந்தார். ஆனாலும் வரியும் குரலும் ஒரே மேசைக்கு வந்தது அப்போதுதான்.

இந்த இடத்தில் எங்கட சமூகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கொழும்பு, கண்டி, காலி மூன்றுமே முஸ்லிம் வர்த்தகர்கள் கடை வைத்திருந்த நகரங்கள். கடைக்கு வரி என்றால் அது அவர்களுடைய கல்லாப்பெட்டியைத் தொடும் விஷயம். அறிஞர் சித்திலெப்பை கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தவர். பிற்காலத்தில் எம்.எச். முஹம்மது, ஏ.எச்.எம். பௌஸி போன்றோர் கொழும்பின் மேயர்களாக இருந்தார்கள். பாராளுமன்றம் என்ற ஒன்று வருவதற்கு வெகு முன்பே எங்கட ஆட்கள் பொதுவாழ்வைப் பழகிய பள்ளிக்கூடம் உள்ளூராட்சிதான்.

1871இல் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம், 1876இல் சிறு நகரங்களுக்கான உள்ளூர்ச் சபைகள், 1920இல் உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1939இன் நகர சபைகள் கட்டளைச் சட்டம், 1946இன் பட்டின சபைகள் கட்டளைச் சட்டம், 1947இன் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் ஆகியவற்றோடு இந்தக் கட்டடம் முழுமை பெற்றது. பெரிய நகருக்கு மாநகர சபை, அடுத்ததற்கு நகர சபை, அதற்குக் கீழே பட்டின சபை, ஊருக்குக் கிராம சபை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் கிராம சபைச் சேர்மனைப் பற்றிக் கதைக்கும்போது இன்றைய மந்திரியைப் பற்றிக் கதைப்பது போலக் கதைப்பார்கள். கிணறு, மதகு, வாசிகசாலை எல்லாம் அவர் கையால் நடந்தவை.

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது

இதற்கு இரண்டு படி உண்டு. முதற்படி, ஆதனத்தின் வருடப் பெறுமதி. அந்த வீட்டையோ கடையையோ வாடகைக்குக் கொடுத்தால் நியாயமாக வருடத்துக்கு எவ்வளவு வாடகை எதிர்பார்க்கலாம் என்பதே அதன் அடிப்படை. நீங்கள் வாடகைக்குக் கொடுக்கிறீர்களா, நீங்களே குடியிருக்கிறீர்களா என்பது கேள்வி அல்ல. இதை மதிப்பிடும் வேலையை விலைமதிப்புத் திணைக்களம் செய்கிறது. இரண்டாம் படி, அந்தப் பெறுமதியில் நூற்றுக்கு எத்தனை வீதம் என்பது. இதைச் சபை தீர்மானம் நிறைவேற்றி முடிவு செய்கிறது. குடியிருப்புக்கு ஒரு வீதம், வியாபாரத்துக்கு அதைவிடக் கூடிய வீதம் என்று வைப்பது வழமை.

உதாரணத்துக்கு, ஒரு வீட்டின் வருடப் பெறுமதி 60,000 ரூபா என்றும் வீதம் நூற்றுக்கு 6 என்றும் வைத்துக் கொள்வோம். வருட வரி 3,600 ரூபா. காலாண்டுக்கு 900 ரூபா. ஜனவரியில் முழுவதையும் கட்டினால் 3,240 ரூபா.

இந்த இரண்டு படிக்கும் இரண்டு வாசல் இருக்கிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். பெறுமதி கூடிப்போச்சு என்றால் அது தனியாள் விஷயம். மதிப்பீட்டு அறிவித்தலில் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்க வேணும். சபையின் முடிவு திருப்தி இல்லாவிட்டால் நீதிமன்றம் வரை போக வழி உண்டு. வீதம் கூடிப்போச்சு என்றால் அது ஊர் விஷயம். அதைச் சபைக் கூட்டத்தில், உங்கட வட்டார உறுப்பினர் மூலம் கேட்க வேணும். எங்கட ஆட்கள் இரண்டு வாசலையும் விட்டுவிட்டு, நாள் கடந்த பிறகு காசாளரோடு வாக்குவாதப்படுவார்கள். அந்த மனிதனால் ஒரு சதத்தையும் குறைக்க முடியாது.

பிரதேச சபைப் பகுதியில் இன்னொரு வித்தியாசம் உண்டு. அங்கே எல்லா ஊருக்கும் சோலைவரி இல்லை. அபிவிருத்தியடைந்த பகுதி என்று தீர்மானிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டுமே அது விதிக்கப்படும். மற்றப்படி சபையின் வருமானம் வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் கடை வாடகை, நீதிமன்றத் தண்டப்பணம், காணி கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வை ஆகியவற்றிலிருந்து வருகிறது. எங்கட ஊர்களில் மாட்டிறைச்சிக் கடைக் கேள்வி கூறல் வருடா வருடம் எவ்வளவு சூடு பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவும் சபையின் வருமானம்தான், ஊரின் காசுதான்.

குரல் இடம்மாறிய கதை

1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் அறிமுகமானது. ஊர் வேலைகளுக்கான நிதி பாராளுமன்ற உறுப்பினர் வழியாக வரத் தொடங்கியது. நல்ல நோக்கம் இருந்திருக்கலாம். அதனால் எத்தனையோ பாடசாலைக் கட்டடமும் ரோட்டும் கிடைத்தன என்பதும் உண்மை. ஆனால் மக்களின் பழக்கம் மாறிப்போனது. கானை வெட்டித் தரச் சொல்லிச் சபைக்குப் போனவர்கள் எம்.பி. வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். சபையில் கேட்பது உரிமை. எம்.பி. வீட்டில் கேட்பது தயவு. உரிமையாகக் கேட்டவன் கணக்கும் கேட்பான். தயவாக வாங்கியவன் வாக்கைத்தான் கொடுப்பான்.

அடுத்த அடி 1981இல் விழுந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது கிராம சபைகளும் பட்டின சபைகளும் இல்லாமல் போயின. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நிறைவேறியபோதும், நாட்டின் பெரும் பகுதியில் தேர்தல் நடந்தது 1991இல்தான். கிழக்கில் யுத்தம் காரணமாக 1994 மார்ச் வரை பொறுத்திருக்க வேண்டி வந்தது. ஒரு தலைமுறை ஊர்ச் சபை என்றால் என்னவென்று பார்க்காமலே வளர்ந்தது.

சின்னச் சின்னச் சபைகளை ஒன்றாகச் சேர்த்ததன் விளைவு இன்னும் தீரவில்லை. கல்முனைப் பட்டின சபை, கரைவாகு தெற்கு, வடக்கு, மேற்குக் கிராம சபைகள் என நான்காக இருந்தவை ஒன்றாக்கப்பட்டன. கரைவாகு தெற்காக இருந்த சாய்ந்தமருது தனிச் சபை கேட்டு நீண்ட காலம் போராடியது. 2020 பெப்ரவரியில் அதை நகர சபையாக்கும் வர்த்தமானி வெளிவந்து, சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தக் கோரிக்கையை ஆதரிப்பவரும் உண்டு, எதிர்ப்பவரும் உண்டு. இரு சாராரும் மனதில் வைத்திருக்கிற கேள்வி ஒன்றுதான்: எங்கட வரி எங்கட தெருவுக்கு வருமா?

மூன்றாவது சம்பவம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணம் இல்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அதே மாதம் சபைகளின் ஆயுள் முடிந்தது. 2025 மே 6இல் தேர்தல் நடக்கும் வரை செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வாகம் செய்தார்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இரண்டு வருடமும் சோலைவரி நிற்கவில்லை. அறிவித்தல் வந்தது, கட்டினோம். சபையில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. 1848ஐ வரலாற்றுப் பாடமாகப் படிக்கிற நாங்கள் இதையும் அதன் பக்கத்தில் எழுதி வைக்க வேணும்.

பள்ளிவாசல் கணக்கும் சபைக் கணக்கும்

இங்கே எங்கட சமூகத்தைத் தனியாகத் தொடும் ஒரு விஷயம் இருக்கிறது. வணக்கத்துக்கு மட்டுமே பயன்படுகிற கட்டடத்துக்கும் மையவாடிக்கும் வரிவிலக்கு உண்டு. ஆனால் பள்ளிவாசலுக்கு வக்பு செய்யப்பட்ட கடைத்தொகுதி அப்படி அல்ல. அது வாடகை தரும் ஆதனம், வியாபார வீதத்தில் வரி விழும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் அந்தக் கடைகளைப் பாதுகாப்பது நம்பிக்கையாளர்களின் பொறுப்பு. புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வரும்போது அதைப் படித்து, பொருந்தாவிட்டால் நாள் தவறாமல் ஆட்சேபிப்பதும் அந்தப் பொறுப்புக்குள் அடங்கும். அறிவித்தல் அலுமாரிக்குள் கிடந்து நாள் கடந்தால், அதற்கான விலையை இமாமின் சம்பளத்திலிருந்தும் மத்ரஸாவின் செலவிலிருந்தும்தான் கொடுக்க வேண்டி வரும். நிலுவை கூடினால் பிடியாணைக் கட்டணமும் சேரும், சொத்தைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடம் உண்டு.

எங்கட ஆட்களுக்குக் கணக்குக் கேட்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கிழக்கூர்களில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்து பள்ளிவாசல் நிர்வாகத்தை நடத்தியது இந்த நாட்டின் பழைய பிரதிநிதித்துவ முறைகளில் ஒன்று. இன்றும் மாதச் சந்தா கொடுக்கிற மஹல்லாவாசி வருடாந்தக் கூட்டத்தில் எழுந்து, பெயின்ட் வாங்கிய பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்பார். அதே மனிதர் பள்ளிச் சந்தாவைவிடக் கூடுதலாகச் சபைக்குக் கட்டுகிறார். அங்கே ஒரு கேள்வியும் இல்லை.

சட்டம் கேட்க இடம் வைத்திருக்கிறது. வருட இறுதியில் சபை தன் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்று முன் அதன் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்த வட்டாரத்துக்கு எந்த ரோட்டு, எந்தக் கான், எத்தனை தெருவிளக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். பிரதேச சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்கலாம் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்காளர், பொறியியலாளர் இல்லாத ஊர் எது? அவர்களைக் குழுவில் போடச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு கடிதம் போதும்.

1865இல் எங்கட முன்னோர் வரியோடு சேர்த்து ஒரு கதிரையையும் பெற்றார்கள். அந்தக் கதிரை எங்கட காலத்தில் இரண்டு தடவை காலியாகக் கிடந்து, இப்போது மறுபடி நிரம்பியிருக்கிறது. ஜனவரிக் கழிவை நினைவில் வைத்திருக்கிற எங்கட ஊர், அதற்கு முந்தின மாதங்களில் சபையில் விரித்து வைக்கப்படும் அந்த நகலையும் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் அதற்கு ஒரு வரி எழுதிப் போட்டாலே போதும்.