செம்மை ஒரு காலக்கோடா? கிரெட்டேசியஸ் கடற்செம்படிவுகளின் பரவலும் வயதும்

இத்தாலியின் குப்பியோ நகரை ஒட்டிய பொட்டச்சியோனே பள்ளத்தாக்கில் சாலையோரச் சுண்ணாம்புப் பாறை வெண்மையிலிருந்து செம்மைக்கு மாறுகிறது. கீழே ‘ஸ்காலியா பியான்கா’, மேலே ‘ஸ்காலியா ரோசா’. வெள்ளைப் பாறையின் மேற்பகுதியில், ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமனில், கரிமம் செறிந்த கறுப்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. பொனரெல்லி அடுக்கு என்று பெயர். சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் ஆக்சிஜன் வற்றியதன் தடயம் அது.

கறுப்புக்குப் பின் சிவப்பு. இந்த வரிசையிலிருந்து எழுந்த விளக்கம் கவர்ச்சியானது. கரிமம் பெருமளவில் புதைந்ததால் காற்றில் கரியமில வாயு குறைந்தது, கடல் குளிர்ந்தது, குளிர்நீர் ஆக்சிஜனை ஆழத்துக்கு இறக்கியது, சேற்றிலிருந்த இரும்பு செந்நிற ஹெமடைட் ஆனது. சீன நிலவியலாளர் வாங் செங்ஷான் முதலானோர் 2002 முதல் பன்னாட்டுத் திட்டங்களின் வழியே இத்தகைய கடற்செம்படிவுகளைத் தேடித் தொகுத்தனர். ஸ்பெயின், ஆல்ப்ஸ், கார்பேத்தியன், தெற்குத் திபெத், அட்லாண்டிக் துளைக்கிணறுகள் எனப் பட்டியல் நீண்டது.

ஆனால் வயதைக் கேட்டால் கதை இவ்வளவு நேராக இல்லை.

குப்பியோவில் செம்மை, பொனரெல்லியை அடுத்த தூரோனியன் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. திபெத்தின் சுவாங்டே படிவோ அதற்குப் பிந்தைய சாண்டோனியன்–காம்பானியன் எல்லையை ஒட்டியது. இடைவெளி சுமார் ஒரு கோடி ஆண்டு. பொனரெல்லிக்கு முந்தைய ஆப்டியன்–ஆல்பியன் காலத்திலும், குப்பியோ அமைந்துள்ள அதே உம்ப்ரியாப் பகுதியில் சிவப்புச் சுண்ணக்களிமண் அடுக்குகள் இருக்கின்றன. ஒரே நிகழ்வு உலகெங்கும் ஒரே வேளையில் விளைத்த நிறம் என்ற வாதம் இங்கே தடுமாறுகிறது.

வயது காண்பதிலும் சிக்கல் உண்டு. சுமார் 12.1 கோடி முதல் 8.36 கோடி ஆண்டுகள் வரை புவிக்காந்தம் ஏறக்குறைய திசை மாறாமலே இருந்தது. அதனால் செம்மை தொடங்கும் கட்டத்தைக் காந்த அளவீட்டால் கணிக்க முடியாது. மிதவை ஃபோராமினிஃபெரா எனும் ஓடுடைய நுண்ணுயிரிகளின் புதைபடிவங்களே துணை. சுண்ணாம்பு கரைந்துவிடும் ஆழத்தில் படிந்த செங்களிமண்ணில் அவையும் மிஞ்சுவதில்லை. மணல்துகள்களை ஒட்டி ஓடு கட்டிய ஃபோராமினிஃபெராக்கள் அங்கே கிடைக்கலாம். அவை தரும் வயது வரம்போ அகலமானது. அத்தகைய வயதுகளை வைத்துக்கொண்டு இரு கண்டங்களின் படிவுகளைச் ‘சமகாலத்தவை’ என்பது அவசரம்.

புவிக்காந்தத்தின் அந்த நீண்ட அமைதி கலைந்த தருணம் பொட்டச்சியோனேயின் செம்பாறைக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. 2022இல் காம்பானியன் காலத்தின் தொடக்க எல்லைக்கு உலகத் தரப்புள்ளியாக இவ்விடம் ஏற்கப்பட்டபோது, எல்லையைக் குறித்தது அந்தக் காந்த மாற்றம்தான், நிறமன்று.

நிறத்துக்கோ உள்ளூர்க் காரணிகளும் உண்டு. மெதுவாகப் படியும் சேறு ஆக்சிஜனோடு நெடுங்காலம் தொட்டுக்கொண்டிருக்கும். உயிர்ச்செழிப்புக் குறைந்த கடலில் அந்த ஆக்சிஜனைச் செலவழிக்கக் கரிமமும் குறைவு. இவை இடத்துக்கு இடம் மாறும் காரணிகள். கடல் குளிர்ந்தது களத்தை ஆயத்தப்படுத்தியிருக்கலாம். எப்போது சிவக்கும் என்பதை அந்தந்தப் படுகையே முடிவுசெய்தது என்பதே கிடைத்துள்ள வயதுகளோடு பொருந்துகிறது.

பரவல் வரைபடத்தையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அதில் டெத்திஸ் என்ற பண்டைக் கடலின் படிவுகள் நெருக்கமாகத் தெரிவதற்கு, அக்கடலின் அடித்தளம் மலையாக உயர்ந்து சாலையோரத்தில் வெட்டுப்பட்டு நிற்பதும் ஒரு காரணம். பசிபிக்கின் கிரெட்டேசியஸ் தரையில் பெரும்பகுதி கண்டங்களுக்கு அடியில் அமிழ்ந்துபோய்விட்டது.