கம்பவுண்டர் முதல் ஃபார்மசிஸ்ட் வரை: மருந்துக்கடைத் தொழில் கடந்து வந்த பாதை

முன்னுரை

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள தாலுகா ஊர் கீழ்பென்னாத்தூர். இது போன்ற ஊர்களுக்குச் சுற்றுக் கிராமங்களில் இருந்து பஸ் ஏறி வரும் ஒருவர், டோக்கன் இல்லாமல், ஃபீஸ் இல்லாமல், வரிசையில் உட்காராமல் பார்க்கக் கூடிய மருத்துவத் துறை ஆள் ஒருவர்தான். அவர் மெடிக்கல் ஷாப்பில் நிற்பவர். "தலைவலிக்கு ஒண்ணு குடுங்க", "குழந்தைக்குச் சளி, ஏதாவது டானிக் இருக்கா?" என்று கேட்டால் உடனே கையில் மருந்து வந்துவிடும்.

ஆனால் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் அந்த ஆள் யார்? வியாபாரியா? மருந்து படித்த வல்லுநரா? இந்தக் கேள்விக்கு இந்தியா பதில் தேட ஆரம்பித்துத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

வைத்தியரே மருந்தும் செய்த காலம்

நம் ஊர் சித்த வைத்திய மரபில் நாடி பிடிப்பவரும் மருந்து செய்பவரும் ஒருவரே. சரக்குகள் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கல்வத்தில் இட்டு அரைப்பதும், புடம் போடுவதும், சூரணம் இடிப்பதும் வைத்தியர் வீட்டு வேலை. மருந்து செய்வதற்கென்று தனியாக ஒரு தொழில் இல்லை.

ஐரோப்பாவில் இது சீக்கிரமே பிரிந்துவிட்டது. 13-ம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் வெளியிட்ட சட்டம், மருத்துவரும் மருந்து விற்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்றது. எழுதிக் கொடுப்பவரே விற்றால், தேவையில்லாத மருந்தையும் எழுதுவார் என்ற பயம்தான் காரணம்!

இந்தப் பிரிவினை ஆங்கிலேயரோடு இந்தியாவுக்கு வந்தது. 1811-ல் கல்கத்தாவில் பாத்கேட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மருந்துக்கடை திறந்தார். மெட்ராசில் டபிள்யூ. ஈ. ஸ்மித் கம்பெனி மருந்து வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தது. அண்ணா சாலையில் சிவப்புக் கோபுரங்களோடு நிற்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது 1897-ல் அந்த மருந்துக் கம்பெனிக்காகக் கட்டப்பட்டதுதான்.

மிக்சர் பாட்டிலும் கம்பவுண்டரும்

பெரிய ஊர்களில் இப்படிப் பெரிய கடைகள் இருந்தாலும், சாதாரண மக்கள் பார்த்தது கம்பவுண்டரைத்தான். டாக்டர் சீட்டில் எழுதுவார். பக்கத்து அறையில் இருக்கும் கம்பவுண்டர் தராசில் பொடியை நிறுத்து, அளவுக் குவளையில் திரவத்தை ஊற்றி, மிக்சர் கலப்பார். நோயாளிகள் வீட்டில் இருந்தே காலி பாட்டில் கொண்டு போக வேண்டும். ஒரு காகிதத்தை நீளமாக மடித்து, கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, பல் பல்லாகச் செய்து பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் என்றால் ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அளவு தவறாது.

கம்பவுண்டருக்கு டாக்டருக்கு இருந்த மரியாதை இல்லை. ஆனாலும் அவர் கையில் ஒரு தொழில் இருந்தது. அளவு கூடினால் உயிருக்கு ஆபத்து. எதனோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். நோயாளியிடம் "குலுக்கிட்டுக் குடிங்க, சாப்பிட்ட பிறகு குடிங்க" என்று கடைசியாகச் சொல்பவரும் அவர்தான்.

சோப்ரா குழு

அந்தக் காலத்தில் மருந்து விற்க இந்தியா முழுமைக்கும் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. வெளிநாட்டில் இருந்து கலப்பட மருந்துகள் வந்து குவிந்தன. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரையில் கொய்னா சரியான அளவில் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 1930-ல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1931-ல் அறிக்கை வந்தது.

குழு இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொன்னது. ஒன்று, மருந்தின் தரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். இரண்டு, மருந்தைக் கையாளும் மனிதரின் படிப்பையும் பதிவையும் முறைப்படுத்த வேண்டும். முதலாவதற்கு 1940-ல் மருந்துச் சட்டமும், 1945-ல் அதன் விதிகளும் வந்தன. இரண்டாவதற்கு, சுதந்திரம் கிடைத்த பிறகு 1948-ல்தான் பார்மசி சட்டம் வந்தது. இதற்கு நடுவில் 1932-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மகாதேவ் லால் ஷ்ராஃப் பார்மசி கல்வியைத் தொடங்கி வைத்தார். இந்தியப் பார்மசி கல்வியின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

சட்டம் வந்தது, ஆள் எங்கே?

பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பது பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு. ஆனால் நாடு முழுவதும் அத்தனை பேர் படித்திருக்கவில்லை. என்ன செய்வது? முதல் பதிவேட்டில், ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் மருந்து கலந்த அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்துக் கொண்டார்கள். மருந்து விதிகளோ, நான்கு வருட அனுபவம் உள்ளவர்களைத் 'தகுதி பெற்ற நபர்' என்று 1969 டிசம்பர் 31 வரை அங்கீகரிக்க அனுமதித்தன. 42-வது பிரிவுக்கும் அவகாசம் நீண்டது. 1976 திருத்தச் சட்டம் மேலும் எட்டு வருடம் கொடுத்தது. அது முடிந்தது 1984-ல். அதாவது சட்டம் பிறந்து 36 ஆண்டுகள் கழித்து!

விதிகளில் இன்னொரு சுவையான விஷயம் உண்டு. கடையின் பெயர்ப்பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. பதிவு பெற்ற மருந்தாளுநர் தேவைப்படாத கடை 'டிரக் ஸ்டோர்'. மருந்தாளுநர் இருந்தும் மருந்து கலக்கும் வசதி இல்லாத கடை 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்'. கலந்து தரும் வசதியும் இருந்தால்தான் 'பார்மசி'. மக்களோ எல்லாவற்றையும் 'மெடிக்கல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

கலக்கும் வேலை போய்விட்டது

இங்கேதான் வரலாறு ஒரு விளையாட்டு விளையாடியது. படித்த மருந்தாளுநர்கள் போதுமான அளவில் வந்து சேர்ந்த நேரத்தில், அவர்கள் செய்ய வேண்டிய பழைய வேலை காணாமல் போய்விட்டது. தொழிற்சாலையில் செய்த மாத்திரையும் கேப்ஸ்யூலும் மிக்சர் பாட்டிலை விரட்டின. 1970 காப்புரிமைச் சட்டம் 1972-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, இந்தியக் கம்பெனிகள் ஒரே மருந்தைப் பல பெயர்களில் தயாரித்தன. மருந்து மலிவானது, நாட்டுக்குப் பெரிய நன்மை. ஆனால் கவுண்டரில் நிற்பவரின் வேலை, சீட்டைப் படித்து அட்டையை எடுத்துக் கொடுப்பதாகச் சுருங்கியது.

அந்த வேலையைக் கடைப் பையன் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வான். எனவே படித்தவர் தேவையில்லை என்ற எண்ணம் வளர்ந்தது. சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு ஆள் வேறு எங்கோ வேலை பார்க்கும் பழக்கம் நாடு முழுவதும் பரவியது.

இதற்குப் பணமும் ஒரு காரணம். 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, விலை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரரின் லாபம் 16 சதவீதம். அவர் விற்ற அட்டைக்குத்தான் இந்த லாபம். அவர் கேட்ட கேள்விக்கோ, சொன்ன அறிவுரைக்கோ ஒரு பைசாவும் கிடையாது. "இந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்" என்று நேர்மையாகச் சொன்னால் நஷ்டம் அவருக்குத்தான். இன்று இந்தத் தொழிலின் எல்லாச் சிக்கலும் இங்கேதான் வந்து முட்டுகிறது.

நான்கு பக்கமும் போட்டி

விற்றால்தான் வருமானம் என்று ஆன பிறகு, விற்பனைக்கே போட்டி வந்தது. முதலில் அப்போலோ, மெட்பிளஸ் போன்ற சங்கிலிக் கடைகள் தள்ளுபடியோடு வந்தன. பிறகு ஆன்லைன். 2018-ல் தமிழ்நாடு மருந்து வணிகர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மத்திய அரசு விதிகளை வெளியிடும் வரை ஆன்லைன் மருந்து விற்பனை கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பர் 17-ல் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். கம்பெனிகள் மேல்முறையீடு செய்ய, ஜனவரி 2019-ல் அந்தத் தீர்ப்புக்குத் தடை கிடைத்தது. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. வீட்டு வாசலில் மருந்து வாங்கும் பழக்கம் வேரூன்றியது.

இன்னொரு பக்கம் அரசு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தக் கொள்முதல் செய்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் முறையில் மற்ற மாநிலங்களுக்கே முன்மாதிரி ஆனது. 2008-ல் மத்திய அரசின் ஜன் அவுஷதி, 2014-ல் அம்மா மருந்தகம், 2025 பிப்ரவரி 24-ல் ஒரே நாளில் திறக்கப்பட்ட 1000 முதல்வர் மருந்தகங்கள் என்று மலிவு விலைக் கடைகள் வரிசையாக வந்தன. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போனது. மாதா மாதம் தவறாமல் வரும் இந்த நோயாளிகள்தான் சிறு கடைகளின் நிரந்தர வாடிக்கையாளர்கள்.

ஏழைகளுக்கு இவை எல்லாம் நல்லவை. கடைக்காரருக்காக மக்கள் அதிக விலை கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் விலையில் மட்டும் போட்டி போட்டால் சிறு கடை ஜெயிக்க முடியாது என்பதும் உண்மை.

ஒரு கேள்வியின் மதிப்பு

அப்படியானால் சிறு கடையிடம் என்ன இருக்கிறது? முகம் பார்த்துக் கேட்கக் கூடிய ஒரு கேள்வி இருக்கிறது.

ஆன்டிபயாடிக் மருந்துகளை எடுத்துக் கொள்வோம். இஷ்டத்துக்கு விற்றதால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது பற்றி 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவர்கள் 'சென்னை பிரகடனம்' வெளியிட்டார்கள். 2013-ல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த ஷெட்யூல் எச்1 விதி, 46 மருந்துகளை விற்கும்போது நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கச் சொன்னது. பதிவேட்டை எழுதுவது யார்? கவுண்டரில் நிற்பவர்.

2025-ல் நடந்தது இதைவிடக் கொடுமை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. மூடி போட்ட பாட்டிலுக்குள் நஞ்சு இருப்பதை எந்த மருந்தாளுநராலும் கண்டுபிடிக்க முடியாது. குற்றம் தயாரித்த இடத்தில். ஆனால் அந்த வகைச் சளி மருந்துக் கலவையை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருந்தது. "குழந்தைக்கு எத்தனை வயசு?" என்று ஒருவர் கேட்க வேண்டும். பதிலைக் கேட்டுவிட்டு "இது வேண்டாம்மா" என்று சொல்லவும் வேண்டும். அதற்குப் படிப்பும் வேண்டும், கடையில் ஆளும் இருக்க வேண்டும்.

முடிவுரை

மாற்றம் வராமல் இல்லை. 2008-ல் ஆறு ஆண்டு ஃபார்ம்.டி படிப்பு வந்தது. 2015 பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமை என்றே எழுதி வைத்தன. இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல், தொண்டை வலி, காது வலி உட்பட ஏழு தொல்லைகளுக்கு மருந்துக்கடையிலேயே ஆலோசனையும் சிகிச்சையும் தருகிறார்கள். அந்த ஆலோசனைக்கு அரசு தனியாகப் பணம் கொடுக்கிறது. இங்கே கடமை மட்டும் வந்திருக்கிறது, கூலி வரவில்லை.

கம்பவுண்டரின் மதிப்பு அவர் கலந்த மிக்சரில் இருந்தது. ஃபார்மசிஸ்டின் மதிப்பு அவர் கேட்கும் கேள்வியில்தான் இருக்க முடியும். அட்டையை எடுத்துக் கொடுக்க கூரியர் பையன் போதும். கேள்வி கேட்க ஆள் வேண்டுமா என்பதை அரசும் கடை முதலாளிகளும் மட்டும் முடிவு செய்யப் போவதில்லை, வாங்குபவர்களும்தான். அடுத்த முறை மெடிக்கல் ஷாப்புக்குப் போகும்போது, "ஃபார்மசிஸ்ட் இருக்காருங்களா? இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவர்கள் பெருகினால், பதில் சொல்லும் ஆளைக் கடையில் வைத்தே ஆக வேண்டும்.