தட்டுப்பாடு தீர்மானித்த சில்லுகள்

மோட்டார் வண்டியின் வலுவை முன்சில்லுகளுக்கு அனுப்புவதா, பின்சில்லுகளுக்கு அனுப்புவதா, நான்கு சில்லுகளுக்கும் பகிர்ந்தளிப்பதா என்பது பொறியியலாளர் மட்டும் கவலைப்பட வேண்டிய விடயம் என்றே பலரும் எண்ணுவர். பருத்தித்துறையின் அண்மைக்கால வரலாற்றை நோக்கும்போது, அக்கேள்விக்கு விடை கூறியவர்கள் பொறியியலாளர் மட்டுமல்லர் என்பது தெரியவரும். போரும் எரிபொருளும் வீதியும் அதில் பங்கு கொண்டன.

பந்தயக்களத்தில் இவ்வழக்கு முடிந்து பல ஆண்டுகளாகிவிட்டன. 1964, 1965, 1967 ஆம் ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ரலிப் பந்தயத்தில் முன்சில்லுகளால் இழுக்கப்படும் மினி கூப்பர் வெற்றி பெற்றது. அதனிலும் வலுக்கூடிய வண்டிகள் பனியில் சறுக்கியபோது, எஞ்சினின் பாரம் முழுவதும் இழுக்கும் சில்லுகளின் மேல் இருந்தமை அச்சிறிய வண்டிக்குக் கைகொடுத்தது. 1980 இல் அறிமுகமான அவுடி குவாட்ரோ நான்கு சில்லுகளுக்கும் வலுவைப் பகிர்ந்தது. 1982 இல் உலக ரலித் தயாரிப்பாளர் பட்டத்தை அவுடிக்குப் பெற்றுக்கொடுத்தது. அதன்பின் உலக ரலிக் களத்தில் இருசில்லு இயக்கம் முதலிடத்திற்குப் போட்டியிடுவது அரிதாயிற்று.

இனி ஒரு விசித்திரமான ஒற்றுமையைப் பார்ப்போம். அந்த மினியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 இல் வெளிவந்த, பின்சில்லுகளால் உந்தப்படும் மொறிஸ் மைனரை வடிவமைத்தவரும் அவரே. 1956 இல் சுயஸ் கால்வாய் நெருக்கடி பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டைக் கொண்டுவந்தது. குறைந்த எரிபொருளில் ஓடும் சிறுவண்டி தேவைப்பட்டது. எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே அமைத்து, 1959 இல் மினியை அவர் தந்தார். முன்சில்லு இயக்கம் உலகெங்கும் பரவ வழிகாட்டிய அந்த வண்டி ஓர் எரிபொருள் தட்டுப்பாட்டின் குழந்தை.

குடாநாட்டிலும் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஆனால் இங்கே அது முன்சில்லு வண்டியைக் கொண்டுவரவில்லை. பின்சில்லு வண்டியையே காப்பாற்றியது. நான் இளைஞனாக இருந்த அந்நாட்களில் வடமராட்சியில் ஓடிய வாடகைக் கார்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என அனைத்தும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வடிவமைக்கப்பட்டவை. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபறேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மந்திகை வைத்தியசாலைக்கு நோயாளரையும் கர்ப்பிணிகளையும் கொண்டுசென்றவை இவ்வண்டிகள்தாம்.

அது எப்படிச் சாத்தியமாயிற்று? அப்பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு. ஆகவே மண்ணெண்ணெயில் ஓடினாலும் எஞ்சின் தட்டுவது தாங்கக்கூடிய அளவிலேயே இருந்தது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். இசிகோனிஸின் மினியில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் ஒரே எண்ணெய். எண்ணெய் கெட்டால் இரண்டும் கெடும். அவருடைய மைனரிலோ கியர்ப் பெட்டிக்குத் தனி எண்ணெய். எஞ்சின், கியர்ப் பெட்டி, நீண்ட சுழல்தண்டு, பின்னச்சு என ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே கழற்றக்கூடியவாறு வரிசையாக அமைந்திருந்தது. உதிரிப்பாகம் வராத ஊரில், கடைசல் பட்டறையும் கைக்கருவிகளுமே துணையாயிருந்த கராஜ்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிக்கனத்தில் வென்ற வடிவம் ஒன்று, முற்றுகையில் தாக்குப்பிடித்த வடிவம் மற்றொன்று. இரண்டும் ஒரே மனிதரின் கையிலிருந்து பிறந்தவை.

நான்கு சில்லு இயக்கத்துக்கும் எங்கள் பகுதியில் நியாயமான ஓரிடம் உண்டு. பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே மணற்காட்டின் மணல்மேடுகளும், அதற்கப்பால் வடமராட்சி கிழக்கின் கரையோரமும் இருசில்லு வண்டியை எளிதில் விழுங்கிவிடும். அங்கே ஒரு சில்லு புதைந்தாலும் மற்றொன்று பிடிப்புத் தேட வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியபின், நிவாரணப் பணிக்கு நாற்சில்லு வண்டிகளும் உழவு இயந்திரங்களும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை எல்லோரும் கண்டோம்.

2009 இல் போர் முடிந்தபின் வீதிகள் அகன்றன; காப்பெற் இடப்பட்டன. மாருதி, விற்ஸ், வகன் ஆர் எனச் சிறிய முன்சில்லு வண்டிகள் வந்து நிறைந்தன. 2022 இன் எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். பங்கீடு தொடங்கியபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். நாற்சில்லு இயக்கம் கூடுதல் பாரத்தையும் கூடுதல் உராய்வையும் சுமப்பது. அதற்கான விலையை எரிபொருளாகவே கேட்பது. அந்த வாரங்களில் சிறுவண்டிக்காரர் சற்று நிம்மதியாக இருந்தனர்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஊருக்கு வரும் உறவினர் பலர், “நாலு சில்லும் இழுக்கிற வண்டியை வாங்கு, அதுதான் பாதுகாப்பு” என்று இங்குள்ளோருக்கு ஆலோசனை கூறுகின்றனர். அவர்களது அக்கறை உண்மையானது. ஆனால் ஆலோசனை பாதிதான் சரி. நாற்சில்லு இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக்கை மிதித்தால் எல்லா வண்டிகளிலும் நான்கு சில்லுகளும்தான் நிறுத்துகின்றன. பிடிப்பைத் தருவது ரயர். பனி கொட்டும் கியூபெக் மாகாணம் 2008 இல் சட்டத்தால் கட்டாயமாக்கியது குளிர்கால ரயரையே அன்றி, நாற்சில்லு இயக்கத்தை அல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல். வழியில் மலை இல்லை, பனி இல்லை. மாரி மழையில் வல்லைவெளியைக் கடக்கும்போது குறுக்கே வீசும் காற்றும் வீதியில் தேங்கிய நீரும்தான் ஆபத்து. தேய்ந்த ரயரோடு அங்கே விரைபவரை எந்த இயக்கமும் காப்பாற்றாது. மணலில் தொழில் செய்பவர் நாற்சில்லு வண்டி வாங்கட்டும். மற்றவர்கள் முன்சில்லு வண்டியை வாங்கி, மிச்சப்படும் பணத்தில் நான்கு நல்ல ரயர்களைப் போட்டுக்கொள்ளலாம்.