மஜோரியனின் நான்காம் சட்டம்: பழமைப் பற்றும் நிர்வாக நோக்கமும்

ரோமாபுரியின் தொன்மையான கட்டடங்களை இடிக்கலாகாதென்று சக்கரவர்த்தி மஜோரியன் 458 ஜூலை 11ஆம் நாள் ராவென்னாவிலிருந்து பிறப்பித்த சட்டத்தை, சரிந்துகொண்டிருந்த மேற்குப் பேரரசின் கடைசித் தகுதியுள்ள மன்னன் பழம்பெருமைக்குச் செலுத்திய அஞ்சலியாகவே ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாகக் கொண்டுவந்துள்ளனர். இவ்வபிப்பிராயத்துக்கு அச்சட்டத்தின் பீடிகையே பெரும்பாலும் ஆதாரம். பீடிகையைக் கடந்து அதன் விதிகளையும் தண்டனைகளையும் வரிசையாக நோக்கினால், நகர உத்தியோகஸ்தரின் அனுமதி வழங்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் பிரதான நோக்கம் என்பது புலனாகும்.

நகராதிபதி ஏமிலியானுஸுக்கு விடுக்கப்பட்ட அச்சட்டம், பொதுவேலைக்குக் கல் வேண்டுமென்ற சாக்கில் பழைய மாளிகைகள் குலைக்கப்படுவதையும், அதையே வாய்ப்பாகக் கொண்டு தம் சொந்த வீட்டைக் கட்டுவோர் நகரத்து அதிகாரிகளின் தயவால் பொதுக் கட்டடங்களின் கற்களைக் கொண்டுபோவதையும் எடுத்துரைக்கிறது. தண்டனைப் பகுதியோ கல்லைக் கொண்டுபோனவனைவிட அனுமதியளித்தவனையே கடுமையாகச் சாடுகிறது. அவ்வாறு அனுமதித்த அதிகாரிக்கு 50 ராத்தல் பொன் அபராதம். அவனுடைய ஆணையைத் தடுக்காமல் நிறைவேற்றிய பணியாளருக்கும் கணக்கருக்கும் தடியடியும் கை துணிப்பும். எடுத்தவற்றைத் திருப்பி வைக்குமாறு பிறரை ஏவும் அதே சட்டம், மேலதிகாரியின் பிழையான ஆணைக்குக் கீழ்ப்படிவதையே குற்றமாக்கிக் கீழ்நிலை ஊழியனையும் காவலனாக நிறுத்துகிறது. கற்களின்பால் கொண்ட காதலொன்றே இத்தகைய தண்டனை வரிசையை வகுத்திருக்கும் என்று நம்புவது அரிது.

இதனினும் முக்கியமானது விதிவிலக்குப் பகுதி. பொதுத்தேவையாலோ பழுதுபார்க்க இயலாமையாலோ ஒரு கட்டடத்தை இடித்தே தீரவேண்டுமென்றால், அவ்விஷயம் முதலில் செனட் சபையில் ஆலோசிக்கப்பட்டு, அச்சபையின் முடிவோடு சக்கரவர்த்தியின் பார்வைக்கு வரவேண்டும்; அவர் இசைந்தால் அந்தக் கற்களும் வேறொரு பொதுக் கட்டடத்தின் அலங்காரத்துக்கே பயன்படவேண்டும். அனுமதிக்கும் உரிமை நகராதிபதியின் அலுவலகத்தினின்று பறிக்கப்பட்டு, செனட்டுக்கும் அரசவைக்கும் பங்கிடப்பட்டது. ராவென்னாவில் இருந்துகொண்டு ரோமாபுரியை ஆளவேண்டியிருந்த ஒரு மன்னனுக்கு, தன் கண்காணிப்பு எட்டாத அலுவலகத்தின் சுயேச்சையைக் குறைக்க இதைவிடத் தக்க வழி இருந்திருக்கமுடியாது.

கட்டடப் பாதுகாப்பு மஜோரியன் கண்ட புதுமையும் அன்று. பழைய கட்டடங்களின் கல்லை எடுத்துப் புதியன எழுப்பலாகாதென்று 376ஆம் ஆண்டிலேயே ரோம செனட்டுக்கு ஆணை சென்றிருந்தது. முன்னோர் விலக்கிய செயலையே தானும் விலக்கியவன், அவ்விலக்கு ஏன் பலிக்கவில்லையென்று சிந்தித்து, ஓட்டை அதிகாரியின் கையொப்பத்தில் இருப்பதைக் கண்டான் என்றே நாம் கொள்ளவேண்டியிருக்கிறது.

அதே ஆண்டின் ஏனைய சட்டங்கள் இதற்குத் துணை நிற்கின்றன. வரிப்பாக்கியைத் தள்ளுபடி செய்த மார்ச் மாதச் சட்டம், மத்திய அலுவலகங்களின் தண்டற்காரரை ஒதுக்கி, வரி தண்டும் பொறுப்பை மாகாண அதிபதிகளிடம் சேர்க்கிறது. நவம்பர்ச் சட்டம், முழு எடையுள்ள பொற்காசைத் தண்டற்காரர் மறுக்கலாகாது என்று விதித்து, மாற்றுக் குறைந்த காலியா (Gaul) நாட்டுக் காசுக்கு மட்டும் விலக்களிக்கிறது. குடிகளுக்கும் கருவூலத்துக்கும் இடையே நின்று ஆதாயம் தேடுவோரை ஒடுக்கும் நோக்கமே மூன்றிலும் வெளிப்படையாக நிற்க, நான்காம் சட்டத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து உணர்ச்சிக் காவியமாக வாசிப்பது முறையாகாது.

பீடிகையில் உள்ள பழமைப் போற்றுதல் பொய்யோ என்று கேட்கலாம். பொய்யென்று நாம் கூறவில்லை. அக்காலச் சட்டங்களின் பீடிகைகள் பொதுவாக அலங்கார நடையிலேயே அமைந்தன. சட்டத்தின் கருத்தை அளக்கும் கோல் அதன் விதிகளே. சட்டம் நடைமுறையில் பலித்ததா என்ற ஆட்சேபணையோ இங்குப் பொருந்தாது. இயற்றியவனின் நோக்கமே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

இம்முடிவு மஜோரியனின் வாழ்க்கையை மதிப்பிடும் முறையையும் பாதிக்கிறது. 460இல் ஹிஸ்பானியக் கரையில் வண்டலர்மேற் படையெடுக்கத் திரட்டிய கப்பல்களை இழந்து, 461 ஆகஸ்ட் 2ஆம் நாள் டொர்டோனாவில் சேனாதிபதி ரிசிமரால் பதவி பறிக்கப்பட்டு, ஐந்து நாள் கழித்துக் கொலையுண்ட அவனைக் கடற்படை இழப்பு ஒன்றாலேயே வீழ்ந்த வீரனாகவும், ராஜ்யத்தின் நிஜ நிலையை உணராத லட்சியவாதியாகவும் சித்திரிப்பது வழக்கமாயிற்று. அவனுடைய உள்நாட்டுச் சட்டங்களால் வருவாய் இழந்தோர் அவன் வீழ்ச்சியில் பங்கு கொண்டனர் என்பதற்கு நேர்ச்சான்று இல்லையாதலால், அதை நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. எனினும் விதவைகளையும் கன்னியரையும் பற்றிய அவனுடைய சட்டத்தின் பகுதிகளை அடுத்த மன்னன் செவெருஸ் 463இலேயே நீக்கினான். எவரையும் உறுத்தாத வெறும் லட்சியமொழிகளை அவன் மறைந்த இரண்டே ஆண்டுகளுக்குள் நீக்கவேண்டிய அவசியம் யாருக்கும் நேர்ந்திராது. தன் அரசு எவ்விடத்தில் கசிந்துகொண்டிருந்தது என்பதைத் துல்லியமாக அறிந்து, அவ்விடத்திலேயே கைவைத்த நிர்வாகி என்ற நிலையிலேயே மஜோரியன் ஆராயப்படவேண்டும். 458ஆம் ஆண்டின் சட்டங்களை ஒருங்கே வைத்துப் பயில்வதே அவ்வாராய்ச்சிக்கு முதற்படி.