நரியும் பட்டியும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் பொன்னின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கினர். அதன்பின் வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் சென்று குடியேறின. சுரங்க அதிகாரிகளான ஆங்கிலேயர் தம் மாளிகைகளோடும் கிளப்புகளோடும் வாழ்ந்த பகுதி காரணமாக, அவ்வூருக்குச் 'சிறிய இங்கிலாந்து' என்னும் பெயரும் வழங்கிற்று. இங்ஙனம் ஒரே ஊரில் வாழ்ந்த இவ்விரு சாராரின் தாயகங்களிலும் நரியைப் பற்றிய பழைய வழக்கம் ஒன்று இருந்தது. ஒன்று வேட்டை, மற்றொன்று விழா. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினால், மனிதன் எந்தக் காரணத்தைச் சொல்லி ஒரு விலங்கைத் துன்புறுத்தலாம் என்னும் வினா தானே எழுகிறது.

முதலில் இங்கிலாந்தின் வழக்கத்தைக் காண்போம். நரி உழவனின் பகை என்பது அந்நாட்டின் பழைய கருத்து. 1566-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பயிருக்கும் வளர்ப்பு உயிர்களுக்கும் கேடு செய்வனவாகக் கருதப்பட்ட பிராணிகளைக் கொன்று தலையைக் கொணர்வோருக்கு ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து வெகுமதி தர வகை செய்தது. நரியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஆட்டுக்குட்டியையும் கோழியையும் காப்பதே அன்று கூறப்பட்ட காரணம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. ஹ்யூகோ மேனெல் என்பவர் விரைந்தோடும் வேட்டைநாய்களைத் தேர்ந்து வளர்த்து, நரி வேட்டையைக் குதிரைமேல் விரையும் செல்வர்களின் பொழுதுபோக்காக ஆக்கினார். அதன்பின் நடந்ததுதான் வியப்புக்குரியது. வேட்டைக்கு நரி வேண்டுமே! அதனால் நரிகள் தங்குவதற்கென்றே புதர்க்காடுகள் வளர்க்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நரி குறைந்த இடங்களுக்கு, ஐரோப்பாவிலிருந்து பிடித்து வரப்பட்ட நரிகள் லண்டன் லெடன்ஹால் சந்தையில் விலைக்கு வாங்கப்பட்டன. கோழியை இழந்த குடியானவனுக்கு வேட்டைக் கழகத்தாரே இழப்பீடு தந்து அவன் வாயை அடைத்தனர். பகை என்று சொல்லப்பட்ட ஒன்றை விலை கொடுத்து வாங்கி வளர்ப்பார் உண்டோ? பட்டியைக் காப்பதற்காகவே வேட்டை என்னும் வாதம் இங்கே தன் கால் முறிந்து விழுகிறது.

இவ்வழக்கத்தை ஆங்கிலேயர் நம் நாட்டுக்கும் கொண்டு வந்தனர். உதகமண்டலத்தில் அவர்கள் வேட்டைக் கழகம் அமைத்து, இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்களைத் தருவித்தனர். அங்கே அவர்கள் நாட்டுச் செந்நரி இல்லை. ஆகவே, நாம் நரி என்றே அழைக்கும், கூட்டமாக ஊளையிடும் பெரிய இனத்தை வென்லாக் புல்வெளியில் துரத்தினர். யாருடைய கோழியைக் காக்கும் பொருட்டு இந்த ஓட்டம் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் எழவில்லை. விளையாட்டு விளையாட்டாகவே நின்றது.

இனி நம் பக்கம் வருவோம். சேலம் மாவட்டத்து வாழப்பாடி வட்டாரச் சிற்றூர்கள் சிலவற்றில் பொங்கலையொட்டி நரியாட்டம் நடத்துவது வழக்கம். நரி முகத்தில் விழித்தால் நன்மை உண்டாகும் என்பது தமிழ் மக்களின் பழைய நம்பிக்கை. அந்நம்பிக்கையின்படி, வலை கட்டி வங்காநரியைப் பிடித்து, மாலையிட்டு, ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டு சென்று, காலில் கயிறு பூட்டி ஓடவிட்டு, பின்னர்க் காட்டில் விட்டுவிடுவர். கொல்வது அவர்கள் நோக்கமன்று. மழையும் விளைச்சலும் வேண்டி மதிப்போடு செய்வதாகவே அவர்கள் கருதுகின்றனர். ஆயினும் வாய் கட்டப்பட்டு, மேளச் சத்தத்துக்கும் மக்கள் கூச்சலுக்கும் நடுவே நடுங்கும் சிறிய உயிருக்கு, அது மதிப்பா வேட்டையா என்னும் வேறுபாடு தெரியுமா?

இந்த வங்காநரி எத்தகைய விலங்கு? வீட்டுப் பூனையைவிடச் சற்றே பெரியது. வால் நுனி கறுத்திருக்கும். மேய்ச்சல் வெளிகளில் வளை தோண்டி வாழும். எலி, கறையான், வண்டு, நண்டு, இலந்தைப்பழம் ஆகியவை அதன் உணவு. கோழிக்குஞ்சு அகப்பட்டால் கவ்விச் செல்லுமேயன்றி, ஆட்டையோ கன்றையோ வீழ்த்தும் வலிமை அதற்கு இல்லை. வயலில் எலியைக் குறைப்பதால் அது உழவனுக்குத் துணையே ஆகும். நம் கதைகளில் வஞ்சகத்தின் வடிவாக அதற்குக் கிடைத்த பெயர் வேறு. வயலில் அது செய்யும் வேலை வேறு.

சட்டமும் காலப்போக்கில் நரியின் பக்கம் திரும்பியது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வங்காநரி பாதுகாக்கப்பட்ட விலங்கு ஆயிற்று. அதனைப் பிடித்து விழா நடத்துவோர்க்கு வனத்துறை அபராதம் விதித்து வந்துள்ளது. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு பர்ன்ஸ் பிரபு தலைமையில் நடந்த விசாரணை, நாய்களை விட்டு நரியைத் துரத்திக் கொல்வது அதன் நலனைக் கடுமையாகக் குலைக்கிறது என்று கண்டது. ஸ்காட்லாந்தில் 2002-இலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004-இலும் அவ்வேட்டையைத் தடுக்கும் சட்டங்கள் நிறைவேறின.

இத்துடன் கணக்கு முடிந்ததா? இல்லை. அந்நாட்டு வேட்டைப் பிரியர்கள் அப்போது எழுப்பிய வினா ஒன்று உண்டு: "சில ஆயிரம் நரிகளுக்காக இரங்குகின்றீர்களே, கூண்டிலும் கொட்டிலிலும் வாடும் கோடிக்கணக்கான உயிர்களுக்காக ஏன் இரங்கவில்லை?" தம் வேட்டையைக் காக்கவே அவர்கள் இதைக் கேட்டனர். கேட்டவர் நோக்கம் எதுவாயினும், வினா வினாவே. ஒரு கொடுமையைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்த இயலாது. ஆனால் ஒன்றைத் தடுத்த பெருமையில் மற்றொன்றை மறந்துவிடலும் ஆகாது.

இதற்கு நாம் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. 1997 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த நாமக்கல், இன்று முட்டை உற்பத்திக்குப் பெயர் பெற்ற ஊர். நம் நாட்டுப் பெரும் பண்ணைகளில் முட்டைக் கோழிகள் கம்பிக் கூண்டுகளில் அடைத்து வளர்க்கப்படுகின்றன. எழுதும் தாள் ஒன்றின் பரப்பைவிடக் குறைந்த இடமே ஒரு கோழிக்குக் கிடைக்கிறது. அங்கே அது சிறகை விரிக்க இயலாது. முட்டையிடாத சேவற்குஞ்சுகள் பொரித்த அன்றே அழிக்கப்படுவது பல நாடுகளில் இத்தொழிலின் வழக்கம். பிரிட்டனில் ரூத் ஹாரிசன் என்னும் அம்மையார் 1964-இல் எழுதிய நூல் இத்தகைய பண்ணைகளைப் பற்றி மக்களைச் சிந்திக்கச் செய்தது. மறு ஆண்டே பிராம்பெல் குழு, எழவும், படுக்கவும், திரும்பவும், உடலைக் கோதவும், உறுப்புகளை நீட்டவும் வளர்ப்பு விலங்குக்கு இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017-இல் கூண்டுக் கோழிகளைப் பற்றித் தனி அறிக்கை ஒன்று அளித்தது.

நரி ஒரு நாள் படும் துன்பம் ஊரறிய நடக்கிறது. ஆதலால் உடனே அபராதம் வருகிறது. கோழி வாழ்நாள் முழுதும் படும் துன்பம் கொட்டகைக்குள் நடக்கிறது. ஆதலால் அது தொழில் எனப்படுகிறது. ஒரே பழைய மாவட்டத்தின் இரு மூலைகளில் இவ்விரண்டும் நிகழ்கின்றன. கண்ணுக்குத் தெரிவதைக் குற்றம் என்றும், தெரியாததை வழக்கம் என்றும் கொள்வது நீதியாகாது.

ஆனால் முட்டை ஏழையின் உணவு. பள்ளிச் சத்துணவில் குழந்தையின் தட்டுக்கு வருவது. பண்ணையோ பல குடும்பங்களுக்குக் கூலி தருவது. இவற்றை மறந்து பேசுவது வயிறு நிறைந்தவன் அறமாகும். அதனால்தான் தேவைக்கும் கேளிக்கைக்கும் இடையே கோடு கிழிப்பது இன்றியமையாதது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியின் பயனாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், உணவுக்காகக் கொல்வதைத் தடுக்கவில்லை. தேவையற்ற துன்பத்தையே தடுக்கிறது. 'தேவையற்ற' என்னும் அச்சொல்தான் நம் கையிலுள்ள உரைகல். வேட்டைக்கான காரணம் அதில் உரைத்தவுடன் மாற்றுக் குறைந்தது. குழந்தைக்கு முட்டை வேண்டும் என்னும் காரணம் தேறும். கோழி சிறகை விரிக்கக் கூடாது என்னும் காரணம் தேறாது. வேண்டுவது இன்னும் சற்று இடமும், அதற்குரிய சற்றுக் கூடுதல் விலையுமே. அவ்விலையைப் பண்ணையாளர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது முறையன்று. வாங்குவோனுக்கும் அப்பொறுப்பில் பங்குண்டு என்பதை வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் உணர்த்தியுள்ளார்.

தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆங்கில அதிகாரிகள் அதற்கு நெடுநாள் முன்பே சென்றுவிட்டனர். தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிலைத்து வாழ்கின்றன. கோலார் மாவட்டத்தில் இன்று கறவைமாடு பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. ஏரை இயந்திரம் ஏற்றுக்கொண்டபின், கலப்பினப் பசு ஈனும் காளைக்கன்றை என்ன செய்வது என்னும் கேள்வி ஒவ்வொரு மாட்டுக் கொட்டிலுக்கும் வந்துள்ளது. நரியைப் பற்றிய தீர்ப்பைப் பாராளுமன்றங்களும் வனத்துறையும் வழங்கிவிட்டன. கொட்டிலுக்குள் இருக்கும் உயிரைப் பற்றிய தீர்ப்பை, பாலும் முட்டையும் வாங்கும் நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் வழங்கிக்கொண்டிருக்கிறோம்.